இருநூறு கையெழுத்து வாங்கியும் ஏன் பதில் இல்லை?

அயர்லாந்தில் ஊர்ப் பிரச்சினைகளுக்கு மனுக் கொடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

லிமெரிக் வாசகி: எங்கள் குடியிருப்பு எஸ்டேட்டில் 96 வீடுகள். கட்டியவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ரோடு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, தெருவிளக்கு பாதி எரிவதில்லை. 200 பேரிடம் கையெழுத்து வாங்கி உள்ளாட்சிக் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பி நாலு மாதம் ஆகிறது. ஒரு வரி பதில் கூட இல்லை. கையெழுத்து போதவில்லையா?

கையெழுத்து ஏராளம். ஆனால் யாருடைய கையெழுத்து, எந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்டீர்கள் என்பதில்தான் கோளாறு. "ரோட்டைச் சரிசெய்யுங்கள்" என்று எழுதினால், "அது இன்னும் தனியார் ரோடு" என்று கவுன்சில் கோப்பை மூடிவிடும். சட்டப்படி அது சரியும் கூட. எஸ்டேட்டைக் கவுன்சில் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வரை ரோடு, விளக்கு, வடிகால் எல்லாம் கட்டியவரின் தலையில்தான். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது ரிப்பேர் அல்ல, 'டேக்கிங் இன் சார்ஜ்', அதாவது கவுன்சில் பொறுப்பேற்பது.

2000-ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம், பிரிவு 180 இதற்கு வழி வைத்திருக்கிறது. வேலை திருப்தியாக முடிந்த எஸ்டேட் என்றால், கட்டியவரோ வீட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையினரோ கேட்கலாம். வேலை முடியாத எஸ்டேட் என்றால், கட்டட அனுமதிக் காலம் முடிந்து நாலு வருடத்துக்குள் கவுன்சில் அமலாக்க நடவடிக்கை எதையும் தொடங்காமல் விட்டிருந்தால், அப்போதும் உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் கேட்கலாம். அயர்லாந்தில் கையெழுத்து எண்ணிக்கைக்குச் சட்டமே எடை போடும் இடங்கள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று. வேண்டுமானால் கவுன்சில் வாக்கெடுப்பு வைத்தும் உறுதிசெய்துகொள்ளலாம்.

கவனியுங்கள், கணக்கில் வருவது உரிமையாளர்கள். உங்கள் 200 கையெழுத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் கலந்திருப்பார்கள். 96 வீட்டுக்கு 49 வீட்டின் உரிமையாளர்கள் வேண்டும். வாடகை வீடு என்றால் அதன் உரிமையாளர் டப்ளினிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும் அவர் கையெழுத்துதான் செல்லும். பல கையெழுத்து மனுக்கள் இங்கேதான் விழுகின்றன. வீட்டு எண் வாரியாக ஒரு பட்டியல் போட்டு, உரிமையாளர் குடியிருக்கும் வீடுகளை முதலில் முடியுங்கள். மீதிக்குத்தான் கடிதம், தொலைபேசி எல்லாம்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கவுன்சிலின் திட்டமிடல் பதிவேட்டை இணையத்திலேயே திறந்து, உங்கள் எஸ்டேட்டின் அனுமதி எண்ணைத் தேடுங்கள். மூன்று விவரங்கள் வேண்டும்: அனுமதிக் காலம் என்று முடிந்தது (பொதுவாக ஐந்து வருடம், நீட்டிப்பு இருக்கலாம்), அனுமதியோடு வந்த நிபந்தனைகள், கட்டியவர் கவுன்சிலிடம் வைத்த பிணைத்தொகை எவ்வளவு. வேலை முடியாவிட்டால் அந்தப் பிணைத்தொகையைக் கொண்டு முடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் அதை வாங்கி வைப்பதே. "பிணைத்தொகை இன்னும் கையில் இருக்கிறதா, அதை எடுக்க எப்போது நடவடிக்கை?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். நாலு மாதம் மௌனமாக இருந்த அலுவலகத்திலிருந்து பதில் வர இந்த ஒரு வரி போதுமானதாக இருக்கும். காலம் தாழ்த்தவும் கூடாது. அனுமதிக் காலம் முடிந்து ஏழு வருடம் ஆகிவிட்டால் கட்டியவர் மேல் அமலாக்க நடவடிக்கையே எடுக்க முடியாமல் போய்விடும்.

படங்களை எடுக்கும்போது "ரோடு மோசம்" என்று காட்டினால் போதாது. முடியாத எஸ்டேட்டில் மேன்ஹோல் மூடிகள் ரோட்டுக்கு மேலே சில சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். காரணம், கடைசி தார் அடுக்கைப் போடாமலே போய்விட்டார்கள். மூடிகளை மட்டும் அந்த அடுக்கின் உயரத்துக்கு வைத்துவிட்டார்கள். மழைநீர் இறங்கும் கம்பி வலையும் அதே உயரத்தில் நிற்பதால் தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றிலும் தேங்குகிறது. மூடியின் பக்கத்தில் அளவு நாடாவை நிறுத்தி ஒரு படம், மழை விட்டதும் வலையைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பார்க்கும் பொறியாளருக்கு விளக்கமே வேண்டாம், வேலை முடியவில்லை என்று அதுவே சொல்லும். எரியாத விளக்குக்கு கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு ஏற்கப்பட்டாலும் அடுத்த மாதமே தார் விழாது. குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் நாட்டின் தண்ணீர் நிறுவனமான இஷ்கே ஏரன் பக்கம் போகும். ரோட்டைப் பொதுச் சாலையாக அறிவிக்க 1993-ஆம் ஆண்டின் சாலைச் சட்டப்படி பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், பிறகு கவுன்சிலர்களின் வாக்கு. அந்தக் கடைசி வாக்கு கவுன்சிலர்கள் கையில் இருப்பதால், மனுவின் நகலை உங்கள் வட்டாரக் கவுன்சிலர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒரு கட்சிக்காரருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். 2024-இல் புதிய திட்டமிடல் சட்டம் வந்து படிப்படியாக அமலாகி வருகிறது. அனுப்பும் நாளில் பிரிவு எண் மாறியிருக்கிறதா என்று கவுன்சிலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சென்னை வாசகர்: நம் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம். அங்கே யாரிடம் கொடுப்பது?

அங்கே கலெக்டர் கிடையாது. மொத்தம் 31 உள்ளாட்சிக் கவுன்சில்கள், 949 கவுன்சிலர்கள். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தலைமை நிர்வாகி ஒருவர், அவர் தேர்தலில் வந்தவர் அல்ல (லிமெரிக்கில் மட்டும் 2024 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரும் இருக்கிறார்). யாருக்கு எந்த அதிகாரம் என்பது சட்டத்திலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. பட்ஜெட், வளர்ச்சித் திட்டம், வேக வரம்பு விதிகள், துணைவிதிகள் கவுன்சிலர்களின் வாக்கில் நடப்பவை. தனித்தனிக் கட்டட அனுமதி, வீட்டு ஒதுக்கீடு, ஆள் நியமனம் நிர்வாகியின் வேலை. வேக வரம்பை மாற்று என்று நிர்வாகிக்கும், அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்காதே என்று கவுன்சிலருக்கும் எழுதினால் இரண்டு கடிதமும் வீண். கவுன்சிலர் மூலம் போக வேண்டியதற்கு, அவரை எழுத்துமூலம் ஒரு தீர்மானம் கொடுக்கச் சொல்லுங்கள். வட்டாரக் கூட்டத்தில் அது நிகழ்ச்சிநிரலில் ஏறும், நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் நிற்கும்.

கார்க் வாசகர்: வீட்டுக்குப் பின்னால் பெரிய அடுக்குமாடி வரப்போகிறதாம். தெருவே சேர்ந்து ஆட்சேபணை மனு தயார் செய்கிறது. எவ்வளவு நேரம் இருக்கிறது?

முதலில் வேலியில் தொங்கும் அறிவிப்பைப் பாருங்கள். வெள்ளைத் தாள் என்றால் சாதாரண விண்ணப்பம். மஞ்சள் தாள் என்றால் அதே நிலத்துக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கவுன்சில் விண்ணப்பத்தைப் பெற்ற நாளிலிருந்து ஐந்து வாரம். அறிவிப்பு வேலியில் ஏறிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். அது விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஏறியிருக்கலாம், பெற்ற தேதியைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரையிலான நாட்கள் கணக்கில் சேராது. கட்டணம் 20 யூரோ. ஐந்து வாரம் தாண்டி ஒரு நாள் பிந்தினாலும், 20 யூரோ சேர்க்க மறந்தாலும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவும் ஒரே ஒரு ஆட்சேபணையாகத்தான் எண்ணப்படும். ரசீதும் முதல் பெயருக்குத்தான் வரும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டால் மேல்முறையீடு செய்ய அந்த ரசீது வேண்டும். முன்னால் ஆட்சேபணை கொடுக்காதவர் பொதுவாக மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. அதனால் கூட்டு மனுவோடு நிறுத்தாமல், மிக நெருங்கிப் பாதிக்கப்படும் நாலைந்து வீட்டார் தனித்தனியாக 20 யூரோ கட்டித் தங்கள் பெயரில் ஒன்று கொடுப்பது நல்லது. முதல் பெயர்க்காரர் ஊர் மாறிப் போய்விட்டால் மற்ற எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும்.

என்ன எழுதுவது? கவுன்சிலின் வளர்ச்சித் திட்டத்தை எடுத்து, அந்த நிலம் எந்த வகை என்று பாருங்கள். உயரம், அடர்த்தி, வாகன நிறுத்தம் பற்றி அதில் சொல்லியிருப்பதற்கும் வரைபடத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள். வீட்டுக்குள் வெயில் மறைவது, ஜன்னலிலிருந்து உள்ளே தெரிவது, பள்ளி நேரத்துப் போக்குவரத்து, வெள்ளம், கழிவுநீர்க் கொள்ளளவு எல்லாம் எடுபடும். "அங்கே யார் குடிவரப் போகிறார்கள்" என்பது எடுபடாது, எடுபடவும் கூடாது.

முடிவு பொதுவாக எட்டு வாரத்தில் வரும். நடுவில் கவுன்சில் கூடுதல் விவரம் கேட்டு, அது பெரிய மாற்றமாக இருந்தால், ஆட்சேபணைக்கு மறுபடி இரண்டு வாரம் திறக்கும். முன்பே கொடுத்தவர்கள் மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மேல்முறையீட்டுக்கு நாலு வாரம், முடிவு எடுத்த நாளும் அதில் ஒரு நாள். பொதுமக்களுக்குக் கட்டணம் 220 யூரோ. மேல்முறையீட்டைக் கேட்கும் அமைப்பு 2025 ஜூன் வரை அன் போர்ட் ப்ளனாலா என்றிருந்தது, இப்போது அன் கோமிஷூன் ப்ளனாலா. எல்லாக் காரணங்களையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும், பிறகு சேர்க்க இடமில்லை. மற்றவர் போட்ட மேல்முறையீட்டில் உங்கள் கருத்தை மட்டும் சேர்க்க 50 யூரோ.

டப்ளின் வாசகி, செவிலியர்: எனக்கு அயர்லாந்துக் குடியுரிமை இல்லை, வேலை அனுமதியில் இருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

செல்லும். மேலே சொன்ன எதற்கும் குடியுரிமை கேட்பதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை: அயர்லாந்தில் வசிக்கும் 18 வயதான எவரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். நாடாளுமன்றம், ஜனாதிபதி, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களிலும் பொதுவாக்கெடுப்பிலும்தான் குடியுரிமை பார்ப்பார்கள். பி.பி.எஸ். எண் (அரசுச் சேவைக்கான அடையாள எண்), பிறந்த தேதி, வீட்டு ஏர்கோட் (அஞ்சல் குறியீடு) மூன்றும் கையில் இருந்தால் வாக்காளர் பட்டியலில் இணையத்திலேயே பதியலாம். கடைசி உள்ளாட்சித் தேர்தல் 2024 ஜூனில் நடந்தது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும். அதுவரை காத்திருக்காதீர்கள், இன்றே பதியுங்கள். கையெழுத்துத் தாளோடு போய் நிற்பவர் வாக்காளர் பட்டியலிலும் இருக்கிறார் என்றால் கவுன்சிலர் காது கொடுப்பதே வேறு மாதிரி இருக்கும்.

கால்வே வாசகர்: எங்கள் பகுதியில் டிராவலர் குடும்பங்களுக்கு வீடு கட்டக் கவுன்சில் இடம் பார்க்கிறது. பக்கத்து வீட்டார் எதிர்ப்பு மனுவோடு வந்தார். நல்ல மனிதர். மறுத்தால் மனஸ்தாபம் ஆகுமோ என்று தயக்கம்.

போடாதீர்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

டிராவலர்கள் அயர்லாந்தின் பூர்வீக நாடோடிச் சமூகம். 2022 மக்கள்தொகைக் கணக்கில் 32,949 பேர். அவர்களைத் தனி இனக்குழுவாக அரசு அங்கீகரித்தது 2017 மார்ச் 1-இல்தான். பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் எழுந்து அறிவித்தார். அதற்குப் பின்னால் டிராவலர் அமைப்புகளின் பல வருட உழைப்பு இருந்தது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் டிராவலர் வீட்டுவசதிக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டாக வேண்டும். திட்டம் தாளில் இருக்கும். இடம் குறித்ததும் இப்படியொரு எதிர்ப்பு மனு கிளம்பும், கவுன்சிலர்கள் பின்வாங்குவார்கள், குடும்பங்கள் தற்காலிக இடத்திலேயே வருடக்கணக்கில் கிடப்பார்கள். 2015 அக்டோபரில் டப்ளின் கேரிக்மைன்ஸில் அப்படி ஒரு தற்காலிகக் குடியிருப்பில் தீப்பிடித்து பத்துப் பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. தப்பியவர்களுக்குக் கவுன்சில் பார்த்த இடத்துக்கு வண்டி போகவிடாமல் அங்கிருந்தவர்கள் மறித்தார்கள். கையெழுத்து என்ற கருவி நியாயத்துக்கும் போகும், அடுத்தவன் கூரையைப் பறிக்கவும் போகும்.

பக்கத்து வீட்டாரிடம் கோபமாகப் பேச வேண்டாம். "ரோடு குறுகல், சாக்கடை போதாது என்று கவலை இருந்தால் அதை நானும் சேர்ந்து எழுதுகிறேன், யார் வரக்கூடாது என்ற மனுவில் மட்டும் என் பெயர் வேண்டாம்" என்று சொல்லுங்கள். கவுன்சில் தானே கட்டும் திட்டம் என்றால் பெரும்பாலும் 'பார்ட் எய்ட்' நடைமுறையில் வரும். வரைபடம் குறைந்தது நாலு வாரம் பார்வைக்கு இருக்கும், அதன்பின் இரண்டு வாரம் வரை கருத்துச் சொல்லலாம், கட்டணமில்லை. ஆதரித்தும் எழுதலாம். எதிர்ப்பு மட்டுமே குவியும் கோப்பில் பத்து ஆதரவுக் கடிதம் இருந்தால், ஆதரிக்க நினைத்துத் தயங்கும் கவுன்சிலருக்கு நிற்க இடம் கிடைக்கும்.

வாட்டர்போர்ட் வாசகர்: நேரடியாக நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பலாமா?

அனுப்பலாம். பொதுமனுக்களுக்கென்று இரு அவைக் கூட்டுக்குழு இருக்கிறது. ஒரே ஒருவர் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். குழு துறைகளிடம் விளக்கம் கேட்கும், தேவைப்பட்டால் அழைத்து விசாரிக்கும், உத்தரவிட மட்டும் முடியாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், தனிநபரின் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டுவது, அவதூறு இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளூர் விஷயமாக இருந்தால், உள்ளூரில் முறையிட வேண்டிய எல்லா இடத்திலும் முறையிட்டு முடித்திருக்க வேண்டும். ஒரு எஸ்டேட்டின் விளக்குக்காக அங்கே போகாதீர்கள். முடியாத எஸ்டேட்டுகளின் பிணைத்தொகை விதியையே மாற்றச் சொல்வதென்றால் அதுதான் இடம்.

மதுரை வாசகர்: இத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் சட்டமே மாறும் என்ற ஏற்பாடு அயர்லாந்தில் உண்டா?

இருந்தது. 1922 அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, மக்கள் மனு மூலமே சட்டம் முன்மொழிய இடம் கொடுத்தது. ஒரு தொகுதியிலிருந்து 15,000 பேருக்கு மேல் சேராமல் 75,000 வாக்காளர்கள் கேட்டால் நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும் என்றது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த டி வலேரா, பிரிட்டிஷ் மன்னருக்கான உறுதிமொழியை நீக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்தி சுமார் 96,000 கையெழுத்தோடு 1928-இல் வந்தார். காஸ்கிரேவ் அரசு அந்த வருடமே அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. உறுதிமொழி 1933-இல் போனது, அதற்குள் டி வலேரா ஆட்சியில் இருந்தார். அந்தப் பிரிவு மட்டும் திரும்பி வரவேயில்லை.

டிங்கிள் ஊர்க் கதையும் கேளுங்கள். 2004-ஆம் ஆண்டின் ஆணை அந்த ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரை ஐரிஷில் 'அன் டாங்யன்' என்று மட்டும் ஆக்கியது. ஊர்க்காரர்கள் 2006-இல் வாக்கெடுப்பு கேட்டு வாங்கினார்கள். வாக்களித்த 1,086 பேரில் 1,005 பேர் இரு மொழியிலும் பெயர் வேண்டும் என்றார்கள். அப்படியும் உடனே நடக்கவில்லை, அந்த ஆணையை மாற்ற உள்ளூர் வாக்கெடுப்புக்குச் சட்ட வலு இல்லை என்றது அரசு. 2011-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் தனிப்பிரிவு சேர்த்த பிறகுதான் ஆங்கிலத்தில் டிங்கிள், ஐரிஷில் டாங்யன் ஈ கூஷ் என்று நின்றது.

கில்கென்னி வாசகி: கவுன்சில் "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் சொல்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2014-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, நாலு வாரத்தில் முடிவு. தேடி எடுக்கும் செலவு 100 யூரோ வரை வசூலிப்பதில்லை. "எங்கள் எஸ்டேட் பற்றிய எல்லாக் கோப்பும்" என்று கேட்டால் செலவுக் கணக்கு ஏறிப்போய் மறுக்க வழியாகிவிடும். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த அனுமதி எண் தொடர்பான பிணைத்தொகைக் கடிதங்களும் ஆய்வறிக்கைகளும்" என்று குறுக்கிக் கேளுங்கள். மறுத்தால் உள்மறுஆய்வுக்கு 30 யூரோ, அதன் பிறகு தகவல் ஆணையருக்கு 50. கழிவுநீர், மாசு, மரம், சத்தம் போன்ற விஷயமென்றால் சுற்றுச்சூழல் தகவல் விதிகளின் கீழ் கேட்பது மேல், அங்கே உள்மறுஆய்வும் இலவசம். கடிதத்திலேயே எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்று எழுதாவிட்டால் சாதாரணக் கடிதமாகக் கருதி ஓரத்தில் வைத்துவிடுவார்கள்.

கார்லோ வாசகர்: மனுத் தாள் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி சொல்லுங்கள்.

கோரிக்கை ஒரு வாக்கியம்: யார், என்ன செய்ய வேண்டும், எந்தச் சட்டப் பிரிவின் கீழ். அந்த வாக்கியம் ஒவ்வொரு தாளின் தலையிலும் அச்சாகியிருக்க வேண்டும். முதல் தாளில் மட்டும் இருந்தால், மற்ற தாள்களில் கையெழுத்துப் போட்டவர்கள் எதற்குப் போட்டார்கள் என்று கேட்க இடமாகிவிடும். கீழே நாலு கட்டம்: படிக்கும்படி ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர், வீட்டு எண்ணோடு ஏர்கோட், கையெழுத்து, தேதி. பிரிவு 180 மனு என்றால் 'உரிமையாளர்' என்று ஐந்தாவது கட்டம். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்தத் தாளில் வேண்டாம், திட்டமிடல் ஆட்சேபணைகள் பொதுக் கோப்பில் யாரும் பார்க்கும்படி வைக்கப்படும். தொடர்புக்கு ஒருவர் பெயர் முகப்புக் கடிதத்தில் இருந்தால் போதும். ஒரே கையால் ஒரு குடும்பத்துக்கே கையெழுத்துப் போடுவது நம்மிடம் உள்ள பழக்கம், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு கையெழுத்து ஒரே மாதிரி இருந்தால் தாள் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அசலைக் கொடுக்கும் முன் எல்லாத் தாளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கொடுத்தால் தேதி முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால்தான்.